வாழ்நாளும் வரலாறும்: வங்காலையை முன்னிறுத்தி ஒரு விமர்சன நோக்கு

1

சாதாரண மனிதர் ஒருவரின் வாழ்நாளை அவர் காலத்து வரலாற்று நிகழ்ச்சிகளோடு பக்கம் பக்கமாக வைத்து நோக்கும் எழுத்துமுறை தமிழிற் பெருகி வருகின்றது. நினைவு மலர், தன்வரலாறு, தலைமுறைக் கதை கூறும் நாவல் என இதன் வடிவங்கள் பல. இன்னார் பிறந்த ஆண்டில் இன்னது நடந்தது, மணம் முடித்த ஆண்டில் இன்னது நடந்தது என்னும் அமைப்பு இவற்றுக்குப் பொதுவானது. இவ்வமைப்பு வாசகருக்கு ஒருவகை நிறைவைத் தருகின்றது. ஊருக்கு வெளியே பெயரறியப்படாத ஒருவர் பெருநிகழ்ச்சிகளின் அருகே நிற்கும் பெருமையை அடைகின்றார். ஆயினும் அருகே நிற்பது வேறு, உறவு கொண்டிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையும் மயக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்குரிய களமாக வங்காலையைக் கொள்கின்றோம். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த கத்தோலிக்க மீனவர் ஊர் இது. புனித ஆனாள் ஆலயம் அதன் மையம். ஒருபுறம் நானாட்டான் வயற்பரப்பு; தெற்கே அரிப்பு, சிலாவத்துறை ஆகிய பழைய முத்துக்குளிப்புக் கரைகள். ஊரைச் சூழ்ந்த ஈரநிலம் 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் சர்வதேசப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு வலசை வரும் பறவைகளின் வரவையும் செலவையும் கணக்கெடுக்க அறிஞருளர். அதே கரையிற் பிறந்து மறையும் மனிதரின் வரவும் செலவும் எக்கணக்கிலே, எவ்வாறு பதிவாகின்றன என்பதே எமது வினா.

2

சாதாரணரின் வாழ்நாள் எழுத்தில் இடம்பெறும் முதன்மையான வடிவம், எம்மிடையே, மரண அறிவித்தலாகும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிலும் நாளிதழ்களிலும் பல பத்தாண்டுகளாக வழங்கிவரும் இவ்வடிவத்துக்கு உறுதியான வாய்பாடு ஒன்றுண்டு: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை. இதன் விரிவே முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலர். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் இதனைக் 'கல்வெட்டு' என்றே வழங்குவர். திதி கூறும் வெண்பா, வம்சாவளி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், நன்றி நவிலல் என்பன அதன் உறுப்புகள். கத்தோலிக்கரிடையே திருமுறைகளின் இடத்தைச் செபங்களும் சங்கீதங்களும் பெறுகின்றன, அமைப்பிற் பெருமாற்றமில்லை. இம்மலர்கள் பலவற்றை 2005ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவரும் 'நூலகம்' எண்ணிம நூலகம் சேகரித்துப் பாதுகாத்து வருகின்றது. அரசரின் மெய்க்கீர்த்திக்குரிய பெயர் சாதாரணரின் சிறுமலருக்கு வந்து சேர்ந்தமை ஜனநாயகப் பண்புடையது என்பதில் ஐயமில்லை.

ஆயின், இவ்வடிவத்தை உற்றுநோக்குமிடத்து அதன் மௌனங்களே அதன் பொருளைத் தீர்மானிக்கின்றன என்பது புலனாகும். பிறப்பிடம், வதிவிடம் என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அன்றேல், திருமணமோ உத்தியோகமோ அவற்றைப் பிரித்தது. 1980களின் பின்னர் வங்காலை பிறப்பிடமாகவும் தமிழகத்தின் ஓர் அகதி முகாமோ கனடாவின் ஒரு நகரோ வதிவிடமாகவும் அமைதல் வழக்கமாயிற்று. இடையிலே 'உம்' என்னும் ஓர் இடைச்சொல் மாத்திரமே உள்ளது. படகு, எல்லை, முகாம், விசா ஆகிய அனைத்தும் அவ்விடைச்சொல்லினுள் அடங்கிவிடுகின்றன.

இதே மௌனம் பிறிதோரிடத்திலும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். அதன் பின்னர் எருக்கலம்பிட்டி பிறப்பிடமாகவும் புத்தளம் வதிவிடமாகவும் அமைந்த வாழ்நாள்கள் எண்ணற்றவை. இலக்கண அமைப்பு ஒன்றே. வரலாற்றுக் காரணம் வேறு. முதலாவதை விளக்கும் ஆர்வமும் இரண்டாவதை விளக்கும் தயக்கமும் ஒரே பேனாவில் இருக்குமாயின், அப்பேனா சாதாரணரின் வாழ்நாளை எழுதவில்லை. ஒரு தரப்பின் வழக்குரையையே எழுதுகின்றது எனல் வேண்டும்.

பெண்ணின் வாழ்நாள் இவ்வடிவத்தில் மேலும் சுருங்குகின்றது. அவள் ஒருவரின் மகள், ஒருவரின் மனைவி, சிலரின் தாய். கருவாடு உலர்த்தி, மீன் விற்று, கடலுக்குப் போனவர் திரும்பாத பருவங்களிற் குடும்பத்தைத் தாங்கிய உழைப்புக்கு வாய்பாட்டில் இடமில்லை. சாவின் தன்மையுங்கூட மறைக்கப்படுகின்றது. காய்ச்சலாற் போனவரும் துப்பாக்கியாற் போனவரும் 'காலமானார்' என்னும் ஒரே வினைமுற்றுக்குள் வருகின்றனர். மிஞ்சிப் போனால் 'அகால மரணம்' என்னும் தொடர் உண்டு; காலமல்லாத காலத்திற் சாவு எவ்வாறு வந்தது என அது கூறுவதில்லை. இம்மௌனம் அறியாமையினால் மட்டும் எழுந்ததன்று. சொல்வதே ஆபத்தாக இருந்த ஆண்டுகளில் அது காப்பாகவும் அமைந்தது. விமர்சகன் இதனை மனங்கொள்ளாது மலரை எழுதியோரைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று.

3

நினைவு மலரின் குறையை நிரப்புவதற்கு, வரலாற்று நூலிலிருந்து ஆண்டுகளை எடுத்து அதனருகே ஒட்டிவிட்டாற் போதுமா? இதனைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஓர் அளவுகோலை அமைத்துக்கொள்வோம். 1925இல் வங்காலையிற் பிறந்து 2010 அளவில் மறைந்த ஒரு மீனவப் பெண்ணைக் கருதிக்கொள்வோம். இவர் குறிப்பிட்ட எவருமல்லர். எண்பத்தைந்து ஆண்டு நீளமுள்ள ஓர் அளவுகோல் மாத்திரமே.

பாடநூல் வரலாற்றின்படி அவரது வாழ்நாள் பின்வருமாறு அமையும். ஆறு வயதிற் சர்வசன வாக்குரிமை. இருபத்து மூன்றிற் சுதந்திரம். முப்பத்தொன்றிற் சிங்களம் மட்டும் சட்டம். நாற்பத்தேழிற் குடியரசு யாப்பு. ஐம்பத்தெட்டில் ஆடிக் கலவரம். எண்பத்து நான்கிற் போரின் முடிவு. பிழையில்லாத பட்டியலே. ஆயினும் யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கும் மலையகத் தொழிலாளிக்கும் இதே பட்டியல் பொருந்துமன்றோ? வயதை மாத்திரம் மாற்றினால் எவருக்கும் பொருந்தும் ஒன்று, எவருடைய வாழ்க்கையையும் விளக்கியதாகாது.

அதே வாழ்நாளைக் கரையிலிருந்து நோக்குவோம். பெரிய அளவிலான முத்துக்குளிப்பு இறுதியாக நிகழ்ந்த காலத்தில் அவர் பிறக்கின்றார். 1905ஆம் ஆண்டுக் குளிப்பின் பெருவிளைச்சலைக் கண்டு, அடுத்த ஆண்டு முத்துப்பார்களை ஒரு பிரித்தானிய நிறுவனத்துக்கு அரசு குத்தகைக்கு விட்டது. சில பருவங்களுக்குள்ளேயே பார்கள் வறண்டன. 1925இல் மீண்டும் ஒருமுறை குளிப்பு நடந்து, பின்னர் அத்தொழில் ஓய்ந்தது. எனவே அவரது தலைமுறை முத்தைக் கதையாக அறிந்த தலைமுறை. 1914ஆம் ஆண்டிலே தொடங்கிய தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பற் சேவை அவருக்கு இயற்கையைப் போன்றது; அக்கரை அவருக்கு அந்நிய நாடன்று. 1950களின் இறுதியிலிருந்து நைலோன் வலை பரவுகின்றது. பருத்தி வலை ஓயாது உலர்த்தவும், மரப்பட்டைச் சாயமேற்றவும், பொத்தவும் வேண்டியது. குடும்பத்தாரின் நாட்களை விழுங்கியது. நைலோன் அவ்வுழைப்பைக் குறைத்தது. கூடவே வலையைச் சந்தைப் பண்டமாக்கி, மீனவரைக் கடனிலும் சம்மாட்டியிடத்தும் மேலும் பிணித்தது. வெளியிணைப்பு இயந்திரமும் கண்ணாடியிழைப் படகும் அதே திசையில் அடுத்த படிகள். இம்மாற்றம் நடைபெற்ற ஆண்டுகளும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்த ஆண்டுகளும் ஒன்றே. அவரது நாளாந்த வாழ்வை எது முதலில் மாற்றியது என்னும் வினாவைப் பாடநூற் பட்டியல் எழுப்புவதேயில்லை.

1964 டிசெம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1984இல் அதுவும் நின்றது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் இந்திய-இலங்கை உடன்படிக்கைகள் கடலிலே கோடு வரைந்தன. மன்னார் வளைகுடாவின் எல்லை 1976 மார்ச்சில் வகுக்கப்பட்டது. அன்று தாளில் இருந்த அக்கோடு, போர்க்காலத்திற் கரையோர மீனவருக்குக் கடற்றடையாகவும் அனுமதி அட்டையாகவும் உருப்பெற்றது. போர் முடிந்து கடல் திறந்தபோது, தமிழகத்தின் இழுவைப் படகுகள் அடித்தளத்தை வாரிச் சென்றுகொண்டிருந்தன. அடிமட்ட இழுவையை இலங்கை 2017இற் சட்டத்தாற் தடை செய்தது. இக்கடலில் எதிரெதிரே நிற்போர் இருவரும் தமிழரே. ஒருபுறம் சிறுபடகுக்காரர், மறுபுறம் இழுவைப்படகு முதலாளியமும் அதனிடம் கூலிக்கு உழைப்போரும். இனத்தின் பெயரால் மட்டும் எழுதப்படும் வரலாறு இம்முரண்பாட்டைக் காண மறுக்கின்றது.

இதனால் அரசியல் வரலாறு சாதாரணருக்குப் புறம்பானது என நாம் கூறவில்லை. இப்பெண் முதன்முதலாக வாக்களித்திருக்கக்கூடிய 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மன்னார்த் தொகுதியில் வென்ற சி. சிற்றம்பலம் நாட்டின் முதலாவது அமைச்சரவையில் இடம்பெற்றார். அங்கு வரலாறு வாக்குச்சீட்டு வழியாக அவர் கைக்கே வந்தது. நாம் வலியுறுத்துவது யாதெனில், ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு குறிப்பிட்ட வழியாகவே ஒருவரின் வாழ்வுக்குள் நுழைகின்றது. வலையின் விலை, கப்பலின் பயணச்சீட்டு, கடலுக்குச் செல்லும் அட்டை, வாக்குச்சீட்டு, இரவில் தட்டப்படும் கதவு ஆகியன அவ்வழிகள். வழியைக் காட்டாது ஆண்டை மாத்திரம் காட்டும் எழுத்து, வரலாற்றைத் திரைச்சீலையாக்கி மனிதரை அதன்முன் நிறுத்திப் படம் பிடிக்கின்றது.

4

இவ்வளவையைக் கொண்டு சில நூல்களை மதிப்பிடுதல் பயன் தரும். பிரெஞ்சு வரலாற்றறிஞர் அலன் கோர்பன் 1998இல் வெளியிட்ட நூலொன்று இத்துறையில் தனித்துவமானது. ஆவணக் காப்பகத்திலிருந்து எழுமாற்றாக ஒரு பெயரை அவர் தெரிந்தெடுத்தார். லூயி-பிரான்சுவா பினாகோ என்ற அப்பெயருக்குரியவர் 1798 முதல் 1876 வரை வாழ்ந்த மரமிதியடி செய்யும் தொழிலாளி, எழுத்தறியாதவர், எவ்வகையிலும் குறிப்பிடத்தக்கவரல்லர். அவரைச் சூழ்ந்த காடு, தொழில், உறவு, வறுமை, 1815இலும் 1870இலும் வந்த பிரஷ்யப் படைகள் ஆகியவற்றை மீட்டமைத்து, அவர் எதைக் கண்டிருக்கக்கூடும் என்பதை கோர்பன் வரைந்தார். நிகழ்ச்சி அவ்வூருக்கு எவ்வழியாக வந்தது என்ற வினா அந்நூலின் பலம். ஆனால், அதனை இயல்வித்தது இடையறாத பிரெஞ்சு ஆவண மரபு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட, இடப்பெயர்வுதோறும் பிறப்புப் பத்திரங்களைத் தொலைத்து உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு அம்முறை அப்படியே பொருந்தாது.

இதன் மறுதலையை லெனாட் வூல்பின் தன்வரலாற்றிற் காண்கின்றோம். 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்பிற் பணிபுரிந்த இளம் அதிகாரி அவர். 1904 முதல் 1911 வரையான தமது இலங்கை ஆண்டுகளை 1961இல் நூலாக்கினார். நேர்மையும் சுயவிமர்சனமும் கொண்ட எழுத்து அது. ஆயினும், ஏழு ஆண்டுகள் இங்கிருந்த அதிகாரியின் வாழ்நாளே வரலாற்றோடு இணைத்து எழுதப்பட்டது. மூச்சடக்கி மூழ்கியோர் பெரும்பாலும் கூட்டமாகவே தோன்றுகின்றனர். யாருடைய வாழ்நாள் எழுதப்படும் என்பதும் உற்பத்தி உறவுகளைச் சார்ந்ததே.

தமிழ் நாவலைப் பொறுத்தவரை, வங்காலையோடு மதத்தாலும் தொழிலாலும் நெருங்கிய தென்தமிழகக் கரையோரம் சிறந்த எடுத்துக்காட்டுகளைத் தந்துள்ளது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) ஆண்டுகளை முன்னிறுத்தாத நாவல். வல்லத்துக்கும் விசைப்படகுக்கும் இடையிலான மோதல் அங்கு செய்தியாகவன்றி, குரூஸ் மிக்கேலின் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்ட துயராக அமைகின்றது. வரலாறு நுழையும் வழியை வண்ணநிலவன் செம்மையாகக் கண்டுள்ளார். அதனை இயக்கும் பெருஞ்சக்திகளைக் காட்டுவதில் அவருக்கு ஆர்வமில்லை. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) 1933 முதல் 1985 வரையான காலத்தைத் தழுவுகின்றது. நடுக்கடலிற் கட்டுமரத்தைப் பற்றிக்கொண்டு தத்தளிக்கும் மூவரின் சில நாட்களும் ஊரின் அரை நூற்றாண்டும் அதில் மாறிமாறி வருகின்றன. மனிதரின் காலமும் ஊரின் காலமும் ஒன்றையொன்று அளக்கும் இவ்வமைப்பு குறிப்பிடத்தக்க சாதனை. 1914 முதல் 2000 வரை விரியும் அவரது 'கொற்கை' (2009) அகலத்திற் பெரியது. எனினும் பாத்திரங்கள் பெருகப் பெருக, நிகழ்ச்சிகளே முன்வந்து மனிதர் பின்னொதுங்குகின்றனர் என்பது எமது மதிப்பீடு.

வரலாற்று நாவலின் மையத்தில் மாவீரனன்றி நடுத்தரமான மனிதனே நிற்றல் வேண்டும் என ஜோர்ஜ் லூக்காச் 1930களில் வாதித்தார். மோதும் சக்திகள் இரண்டையும் அவனூடாகவே காணமுடியும் என்பது அவர் கருத்து. எமது சூழலில் இக்கருத்து ஒரு திருத்தத்தை வேண்டி நிற்கின்றது. லூக்காச்சின் நாயகன் இரு முகாம்களுக்கும் சென்று மீளக்கூடியவன். வங்காலையின் சாதாரணருக்கு அவ்வசதி இருக்கவில்லை.

5

இதுவரை வாழ்நாளின் இடைப்பகுதியை நோக்கினோம். அதன் இரு முனைகளாகிய பிறப்பும் இறப்பும் ஐயத்துக்கு இடமற்ற தனிப்பட்ட தரவுகள் என்னும் எடுகோளின் மீதே மேற்கூறிய எழுத்துகள் யாவும் நிற்கின்றன. வங்காலையின் வரலாறு இவ்வெடுகோளையே கேள்விக்குள்ளாக்குகின்றது.

1984 டிசெம்பர் 4ஆம் நாள் கண்ணிவெடித் தாக்குதலொன்றை அடுத்து மன்னார்ப் பகுதியிற் பொதுமக்கள் பலர் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். ஒரு மாதம் கழிந்து, 1985 ஜனவரி 6ஆம் நாள், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் ஆலய வளவிற் சுட்டுக் கொல்லப்பட்டார். வேறு சிலரும் மடிந்தனர். கண்டோரின் சாட்சியம் அவ்வாறிருக்க, அவர் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றுவிட்டார் என அரச தரப்புக் கூறியது. உடல் கையளிக்கப்படவில்லை. பங்குத்தந்தை என்பவர் யார்? ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகிய பதிவேடுகளைப் பேணும் கடமையுடையவர். ஊரார் ஒவ்வொருவரின் வாழ்நாளுக்கும் முதல் வரியையும் கடைசி வரியையும் எழுதுபவர். அத்தகையவரின் கடைசி வரியே மறுக்கப்பட்டது. ஊரவரோ அந்நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து, மறுக்கப்பட்ட திகதியைத் தம் நாட்காட்டியில் நிலைநிறுத்தினர். இங்கு திகதி என்பது தகவலன்று; ஒரு தரப்பின் கூற்றுக்கு எதிரான சாட்சியம்.

2006 ஜூன் மாதத்தில் இதே ஊரில் தாய், தந்தை, பத்து வயதை எட்டாத இரு பிள்ளைகள் எனக் குடும்பமொன்று முழுமையாகத் தம் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டது. இப்பிள்ளைகளின் வாழ்நாளை எந்நிகழ்ச்சிகளோடு பக்கம் பக்கமாக வைப்பது? அவர்களுக்கு வரலாறு பின்னணியாக இருக்கவில்லை, முடிவாகவே வந்தது.

போரின் பின்னர் இவ்வினா சட்டத்தின் மொழியிலும் எழுந்தது. காணாமற் போனோரின் இறப்பைப் பதிவதற்கு 2010இல் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டமொன்று இயற்றப்பட்டது. உறவினர் பலர் மரணச் சான்றிதழை ஏற்க மறுத்தனர். 2016ஆம் ஆண்டுத் திருத்தம், ஆள் காணப்படவில்லை என உறுதிப்படுத்தும் மாற்றுச் சான்றிதழுக்கு வழிவகுத்தது. இதனிடையே, 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப் ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் எண்ணை வைத்தார். வன்னி மக்கள்தொகை பற்றிய அரச செயலகங்களின் கணக்கையும் முகாம்களுக்கு வந்தோர் தொகையையும் ஒப்பிட்டு, 146,679 பேருக்கு யாது நேர்ந்தது என அவர் வினவினார். இறந்தோர் எனவும் அவர் கூறவில்லை. உயிரோடுள்ளோர் எனவும் கூறவில்லை. கணக்கு நேர்படாமையையே சுட்டினார். முடிவுத் திகதியற்ற வாழ்நாள்களின் கூட்டுத்தொகை அது.

இவ்விடத்தில் எண்ணின் வலிமையையும் வரையறையையும் ஒருங்கே உணர்தல் வேண்டும். எண் அதிகாரத்தை வினவுகின்றது. ஆனால் எண்ணுக்கு வலையின் விலை தெரியாது. அக்கரைக்குக் கப்பலேறியது தெரியாது. முதன்முதலாக வாக்களித்த நாள் தெரியாது. 1544இல் மன்னாரிற் சங்கிலி மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்ட கத்தோலிக்கர் அறுநூறு பேருக்கு மேல் எனக் கூறுவர். திருச்சபை அவர்களை மறைசாட்சிகளென மதிக்கின்றது. எனினும் அவர்களின் வாழ்நாள்கள் எமக்கு எட்டவில்லை. தொகையாக நினைவுகூரப்படுவோர், நூற்றாண்டுகள் கழிந்தபின் தொகையாகவே எஞ்சுவர் என்பதற்கு இதனினும் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

6

மேற்கூறியவற்றிலிருந்து, இத்தகைய எழுத்தை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்களை நாம் முன்வைக்கலாம். நிகழ்ச்சி எவ்வழியாக இம்மனிதரின் வாழ்வுக்குள் வந்தது என எழுத்துக் காட்டுகின்றதா? அம்மனிதரின் உழைப்பும் உறவும் வகுக்கும் காலப்பகுப்பு, அரசின் காலப்பகுப்பினின்று வேறுபடுமிடத்து, அவ்வேறுபாட்டை அது மதிக்கின்றதா? சொல்லாது விடப்பட்டவற்றுள் அச்சத்தால் விடப்பட்டது எது, வசதிக்காக விடப்பட்டது எது எனப் பிரித்தறிய இடமளிக்கின்றதா? இவ்வினாக்களின் முன் நினைவு மலர் பெரிதும் தோற்கின்றது. நல்ல நாவல் ஓரளவு வெல்கின்றது. ஆயினும் நாவலுக்கில்லாத ஒன்று மலருக்குண்டு: அதிலுள்ள பெயர் மெய்ப்பெயர், திகதி மெய்த்திகதி.

ஆகவே பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் முன்னுள்ள பணி தெளிவானது. நினைவு மலரை இலக்கியத் தகுதியற்றது எனத் தள்ளாது, பிரதியாகவும் ஆவணமாகவும் கொண்டு ஆராய்தல் வேண்டும். பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் இடைப்பட்ட பாதையை, உயிரோடுள்ள முதியோரிடம் கேட்டு, அவர்களது பாதுகாப்பையும் விருப்பையும் மதித்து, எழுத்திற் கொணர்தல் வேண்டும். வங்காலையின் மீனவப் பெண்ணிடமும் எருக்கலம்பிட்டியிலிருந்து பெயர்ந்தவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்கும் துணிவும் வேண்டும். 1925ஐ ஒட்டிப் பிறந்த தலைமுறையிற் பெரும்பாலோர் இப்போது இல்லை. சுதந்திரத்தை ஒட்டிப் பிறந்தோர் எழுபதைக் கடந்துவிட்டனர். பருத்தி வலையைத் தொட்டறிந்த கைகளும், தலைமன்னாரிற் கப்பலேறிய கால்களும், 1985 ஜனவரியின் இரவைக் கேட்ட செவிகளும் இன்னும் சில ஆண்டுகளே எம்மிடையே இருக்கும். அவர்களை வரலாற்றின் அருகே நிறுத்திப் பெருமைப்படுத்த வேண்டியதில்லை. அவர்களது வாழ்நாளைக் கோலாகக் கொண்டு வரலாற்றை அளக்க முற்படுவதே விமர்சனத்தின் கடமையாகும்.